புகையைத் திட்டுகிறவர்

தில்லியில் குளிர்காலம் வந்தால் விதவிதமான மனிதர்கள் வெளியே வருவார்கள். குரங்குக் குல்லாயைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஆபீஸிலும் அதைக் கழற்றாதவர், கம்பளி சாக்ஸின் மேல் ஹவாய் செருப்பைத் திணித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர், பத்து நாளாகக் குளிக்கவில்லை என்பதை ஏதோ விரதம் போலச் சொல்லிக்கொள்கிறவர். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை, விட்டுவிடுவோம். இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது புகையைத் திட்டுகிறவரை.

தில்லியில் புகையைத் திட்டாதவர் யார் என்று கேட்பீர்கள். வாஸ்தவம். நீங்களும் நானும் இருமுகிறோம், மூக்கைச் சிந்துகிறோம், போகிற போக்கில் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். நான் சொல்கிற ஆசாமிக்கு அதுதான் வேலையே. காலையில் எழுந்தவுடன் திட்டுவார், காப்பி குடித்துவிட்டுத் திட்டுவார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ரசம் வருவதற்குள் திட்டி முடித்துவிட்டு, மோருக்கு மறுபடி ஆரம்பிப்பார். ஆனால் ஒரு விஷயம். அவர் திட்டுகிற புகை எப்போதுமே வேறு யாரோ விட்ட புகை.

துவாரகாவில் எங்கள் பொருநை அபார்ட்மெண்ட்ஸில் இந்த இனத்தில் முழு வளர்ச்சியடைந்த ஒருவர் இருக்கிறார். பெயர் சதாசிவம். மத்திய சர்க்காரில் துணைச் செயலராக ஓய்வு பெற்றவர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு, எங்கள் கட்டடத்தின் மேல்மாடிக்குக் குடிவந்தார். வந்த மூன்றாவது மாதம் தூய காற்றுக் கமிட்டி என்று ஒன்றை ஆரம்பித்து, தானே அதற்குத் தலைவராக இருக்கச் சம்மதமும் கொடுத்தார்.

அவர் தினமும் காலை ஆறரை மணிக்குக் காற்றின் எண்ணை அறிவிப்பார். எண்ணென்றால், காற்றில் எவ்வளவு விஷம் என்று செல்போன் காட்டுமே, அது. அவருடைய செல்போனில் அதற்கு மூன்று ஆப்கள் இருக்கின்றன. மூன்றும் மூன்று எண் காட்டும். எது அதிகமோ அதைத்தான் அவர் நம்புவார்.

"முந்நூத்தித் தொண்ணூத்தாறு!" என்று பால் பாக்கெட் எடுக்கப் போகிற என்னைப் படிக்கட்டிலேயே நிறுத்துவார். "நேத்தி முந்நூத்தி எழுபது. இன்னும் நாலே நாலு, நானூறு!"

அந்தக் குரலில் கவலையைத் தேடினால் கிடைக்காது. செஞ்சுரிக்கு நாலு ரன் பாக்கி வைத்திருக்கிற ஆட்டக்காரனுக்கு வேண்டியவர் பேசுகிற மாதிரி இருக்கும். போன ஜனவரியில் இரண்டு நாள் மழை பெய்து எண் தொண்ணூறுக்கு இறங்கிவிட்டது. ஊரே ஜன்னலைத் திறந்துவைத்து மூச்சு விட்டது. சதாசிவம் மட்டும் துக்க வீட்டுக்குப் போய்வந்தவர் போல இருந்தார். "மெஷின் ரிப்பேர்னு தோண்றது" என்றார்.

எண்ணை அறிவித்த பிறகு நடைப்பயிற்சி. எங்கள் வாசலிலேயே நடக்கலாம். ஆனால் வாசலில் காற்று சரியில்லை. அதனால் முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பூங்காவுக்குப் போகிறார். எப்படிப் போகிறார்? காரில். நடந்து போனால் வழியில் வண்டிகள் விடுகிற புகையை எல்லாம் அல்லவா சுவாசிக்க வேண்டும்!

இந்தக் கார் விஷயத்தைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். முன்னொரு குளிர்காலத்தில், ஒற்றைப்படை எண் கார்கள் ஒருநாள், இரட்டைப்படை எண் கார்கள் மறுநாள் என்று தில்லியில் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள் இல்லையா? சாலையில் பாதிக் கார் குறையும் என்று கணக்கு. சதாசிவம் அதை முழு மனதோடு ஆதரித்தார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவருடைய டீசல் கார் ஒற்றைப்படை. திட்டத்துக்கு ஒத்துழைக்க வேண்டுமே என்று இரட்டைப்படை எண்ணில் இன்னொரு டீசல் கார் வாங்கினார். திட்டம் கொஞ்ச நாளில் போய்விட்டது, இரண்டு கார்களும் தங்கிவிட்டன. ஓட்டாத காரின் பேட்டரி இறங்கிவிடுமல்லவா? எனவே தினமும் காலையில் பத்து நிமிஷம், அன்றைக்குப் போகாத காரின் எஞ்சினை உறுமவிட்டு, அதன் பானெட்டில் சாய்ந்துகொண்டு, பஞ்சாபில் வைக்கோல் கொளுத்துகிற விவசாயிகளை அவர் திட்டுவார்.

"அது அக்டோபர், நவம்பர்ல கொளுத்தறது சார். இப்போ ஜனவரி" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"பழைய ஸ்டாக்!" என்றார், இடக் கையால் புகையை விலக்கியபடி.

மாற்று எரிசக்தியில் அவருக்கு இருக்கிற ஞானம் சாமானியமானதல்ல. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்கு முன்னால் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ அவர் வீட்டு ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. டென்மார்க்கில் எத்தனை காற்றாலை, ஜெர்மனியில் எத்தனை கூரையில் சூரியத் தகடு, நிலக்கரியை எந்த தேசம் எந்த வருஷம் விடப் போகிறது, எல்லாம் விரல் நுனியில். தமிழ்ச் சங்கத்தில் 'நிலக்கரிக்கு விடை கொடுப்போம்' என்று ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நடுவில் கரண்ட் போயிற்று. பின்கட்டில் ஜெனரேட்டர் தடதடவென்று கிளம்பி மைக்குக்கு உயிர் வந்ததும், "எங்கே விட்டேன்?" என்று கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

எங்களுக்கும் ஒரு ஜெனரேட்டர் உண்டு. கதையே அதில்தான் இருக்கிறது.

எங்கள் தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் கிழடு. குளிர்காலத்தில் காலை ஆறிலிருந்து எட்டுவரை தெரு முழுக்க ஒரே நேரத்தில் கீஸரைப் போட்டு வெந்நீர் வைத்தால் அது தாங்காது, படுத்துவிடும். அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் எழுந்திருக்கும். அந்த இடைவெளியில் லிஃப்டையும் தண்ணீர் மோட்டாரையும், வீட்டுக்கு ஒரு லைட்டையும் ஒரு ப்ளக்கையும் ஓட்டுவதற்காகக் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு டீசல் ஜெனரேட்டரை வைத்தார்கள். அதன் புகைக்குழாய்க்கு நேர் எதிரே, ஆறடி தூரத்தில், தரைத்தள வீட்டு ஜன்னல் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவர் அருக்காணி.

அருக்காணி கோபிசெட்டிபாளையத்துக்காரர். மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கணவர் கலியன் ராணுவத்தில், அஸ்ஸாமில். வீட்டில் அவரும் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் கவிப்ரியாவும் மட்டும்தான். கவிப்ரியாவுக்கு இழுப்பு உண்டு. நல்ல நாளில் சமாளித்துவிடுவாள். ஜெனரேட்டர் கிளம்பினால் ஐந்தாவது நிமிஷம் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பிக்கும். உடனே நெபுலைசரை, அதாவது மருந்தை ஆவியாக்கி மூச்சுக்குள் அனுப்புகிற அந்தச் சின்ன மெஷினை, மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட்தான் போய்விட்டதே? அதற்குத்தான் ஜெனரேட்டர் ஓடுகிறது. இப்படியாக, ஜெனரேட்டர் விட்ட புகைக்கு ஜெனரேட்டர் தந்த கரண்டிலேயே அந்தப் பெண் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சதாசிவம் இதைக் கேட்டுக் கண்கலங்கினார். பொய்யில்லை, நான் பார்த்தேன். மறுநாளே கமிட்டியின் சார்பில் ஒரு தொட்டிச் செடியைக் கொண்டுபோய் அருக்காணியிடம் கொடுத்தார். காற்றைச் சுத்தப்படுத்துகிற செடியாம், ஜன்னலுக்கும் குழாய்க்கும் நடுவில் வைக்க வேண்டுமாம். வைத்தார்கள். நாலாம் நாள் அது கருகிப்போயிற்று. "பாருங்கோ, எவ்வளவு புகையை அது வாங்கிண்டிருக்கு!" என்று செடியின் தியாகத்தைப் புகழ்ந்துவிட்டு மாடிக்குப் போனார்.

இந்த வருஷம் அந்த ஜெனரேட்டரின் ஆயுள் முடிந்தது. இனி ரிப்பேர் செய்ய முடியாது, புதிதாக ஏதாவது வைத்தாக வேண்டும் என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். அருக்காணி இதற்காகவே காத்திருந்தவர் போல ஒரு மாதம் லீவு நாளெல்லாம் அலைந்து, ஆட்களைக் கூட்டிவந்து மொட்டை மாடியை அளந்து, சூரியத் தகடும் பேட்டரியும் வைப்பதற்கு முழுத் திட்டம் தயார் செய்துவிட்டார். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. எனவே இருபத்துநாலு வீட்டுக்காரர்களில் பதினாறு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் சொசைட்டி விதி. ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் அது கிடைத்தால் சூரியன். கிடைக்காவிட்டால் புது டீசல் ஜெனரேட்டர், அதே இடத்தில், இன்னும் பதினைந்து வருஷத்துக்கு. பிப்ரவரியில் கவிப்ரியாவுக்கு போர்டு பரீட்சை வேறு.

கூட்டத்தை மொட்டை மாடியில் வைத்தார்கள். தில்லி மொட்டை மாடியின் குளிர்காலச் சடங்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியை வெயிலுக்கு முதுகு காட்டிப் போட்டு, மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தையும் பக்கத்தில் ஆரஞ்சையும் வைத்துக்கொண்டு, சூரியன் நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டே இருப்பது. அன்றைக்குச் சூரியன் பருப்பு சாம்பாரில் விழுந்த எட்டணா மாதிரி மங்கலாகத் தெரிந்தது. இருந்தாலும் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

சதாசிவம் தலைமையுரையைக் காலை எண்ணோடு தொடங்கினார். நானூற்றுப் பதினொன்று. பூமி சூடாவது, பனிமலை உருகுவது, மாலத்தீவு மூழ்குவது என்று உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "டீசல் என்கிறது நாம நம்ம குழந்தைகளுக்குப் பண்ற துரோகம்!" என்று முடித்தபோது கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அருக்காணியின் முகத்தில் நம்பிக்கை வந்துவிட்டது. பாவம், அவர் எங்கள் கூட்டத்துக்கு அதிகம் வந்ததில்லை.

"நா ஒண்ணும் பெருசாக் கேக்கலீங்க" என்று எழுந்து நின்று சொன்னார். "இந்த மாடியில பாதி எடம் போதுமுங்க. லிஃப்ட்டு, தண்ணி மோட்டாரு, படிக்கட்டு லைட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு லைட்டு, ரெண்டு ஃபேனு, எங்க பாப்பாவோட மெஷினு, அத்தனையும் ஓடுமுங்க. பேட்டரி இருக்கறதுனால பொழுது சாஞ்சும் ஓடுமுங்க. பொகை ஒரு பொட்டு இருக்காது."

"அச்சா, அச்சா" என்று தலையாட்டினார் சொசைட்டி செயலர் ஸ்ரீவத்ஸன். "எனக்கு ஒரே ஒரு சின்னச் சந்தேகம். வெயில் பூராவையும் அந்தத் தகடே குடிச்சுடுத்துன்னா நமக்கு என்ன மிஞ்சும்? இங்கே உட்காரணுமோல்லியோ?"

சிரிக்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு கூட்டத்தில் நாலைந்து நாற்காலிகள் கவலையோடு அசைந்தன. அருக்காணி விளக்கினார். தகடு தன் மேல் விழுகிற வெயிலை மட்டும்தான் எடுக்கும், பக்கத்து வெயிலை இழுக்காது என்று ஒரு செக்‌ஷன் ஆபீசர் பொறுமையோடு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பின்வரிசையில் ஒருவர் குரங்குகள் வந்து தகட்டில் முகம் பார்க்கும் என்றார். முகம் பார்த்த குரங்கு அங்கேயே தங்கிவிட்டால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். குரங்குக்கென்று ஒரு துணைக் கமிட்டி அங்கேயே அமைக்கப்பட்டது.

பிறகு சதாசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அருக்காணி, நான் சூரிய சக்திக்கு எதிரியா? நீங்களே சொல்லுங்கோ. ஆனா பிராக்டிகலாப் பார்க்கணும். மேலே பாருங்கோ, சூரியன் தெரியறதா? இவ்வளவு புகையிலே எங்கேர்ந்து வரும் சூரிய மின்சாரம்? முதல்லே புகை போகட்டும்."

"பொகை எப்பிடிங்க போகும்?"

"டீசலை நிறுத்தினாத்தான் போகும்."

"நிறுத்தீட்டா கரண்ட்டுக்கு என்னங்க பண்றது?"

"அதுக்குத்தான் சூரிய சக்தி!"

"அப்ப வெக்கலாமுங்களா?"

"எப்படி வெப்பேள்? புகையா இருக்கே!"

அருக்காணி கையிலிருந்த திட்டத் தாளை மறுபடி புரட்டினார்.  பதில் வந்தது சதாசிவத்தின் மனைவி மங்களம் மாமியிடமிருந்து.

"ஏன்னா, காலம்பற அந்த ஓடாத வண்டியைப் பத்து நிமிஷம் உறும விடறேளே, அந்தப் புகையை நிறுத்தினா கொஞ்சம் சூரியன் தெரியுமோ என்னமோ. எனக்கு ஊறுகாய் ஜாடி வெக்க ஒரு ஓரம் போறும். பேப்பரைக் கொண்டா அருக்காணி, நான் போடறேன் கையெழுத்து."

வீடு சதாசிவத்தின் பெயரில் இருக்கிறது, வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போடலாம் என்று ஸ்ரீவத்ஸன் விதியைப் படித்துக் காட்டினார். மாமி வேர்க்கடலைத் தோலைத் தட்டிவிட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

இதற்குப் பிறகுதான் ஸ்ரீவத்ஸன் இரண்டு திட்டங்களையும் ஒப்பிட்டு ஒரு தாளைப் படித்தார். அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு சமாசாரம் அதில் இருந்தது. புது ஜெனரேட்டர் பழையதைப் போல மூன்று மடங்கு சக்தி. கரண்ட் போனாலும் வீட்டுக்கு ஒரு கீஸர் ஓடும். சூரியத் தகட்டில் கீஸர் ஓடாது.

 ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. கீஸர் என்ற சொல்லை அதற்குப் பிறகு ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைக்காதவரும் ஒருவர்கூட இல்லை. ஜனவரி மாதம், காலை ஏழு மணி, தலையில் ஷாம்பு நுரை, குழாயில் திடீரென்று யமுனைப் பனி. தில்லியில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

"அரை மணி நேரந்தானுங்களே" என்று அருக்காணி மெல்லச் சொன்னார். "அரை மணி பொறுத்துக் குளிக்கலாமுங்களே. எம் பொண்ணால அரை மணி மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருக்க முடியாதுங்க."

'ஐயோ பாவம்' என்றேன் நான். எல்லோருமே 'பாவம், பாவம்' என்றார்கள். சதாசிவம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் குழந்தைக்காகத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார் தழுதழுத்து. "நீங்க சொல்ற பேட்டரி ஒருநாள் மக்கர் பண்ணித்துன்னா அவளோட மெஷின் நின்னுபோகும். ஜெனரேட்டர் கைவிடாது. அவ மூச்சை வெச்சு ரிஸ்க் எடுக்க என் மனசு ஒப்பலை."

என்ன மனிதர் பாருங்கள்! அந்தப் பெண்ணின் மூச்சைக் காப்பாற்றத்தான் அந்தப் பெண்ணின் ஜன்னலுக்கு நேரே டீசல் எரிய வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளிக் கள்ளம் கிடையாது. இந்த இனத்திடம் எனக்குப் பயமே அந்த இடத்தில்தான்.

சூரிய சக்தியை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. சிலர் உற்சாகத்தில் இரண்டு கையையும் தூக்கியதை ஸ்ரீவத்ஸன் கவனித்துக் கழித்தார், அப்படியும் இருபத்திரண்டு. பிறகு அருக்காணி கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வந்தார்.

பதின்மூன்று பேர் போட்டார்கள். மற்றவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒருவருக்கு அன்று அஷ்டமி. ஒருவருடைய வீடு பெங்களூரில் இருக்கிற மகன் பெயரிலும் சேர்ந்து இருந்தது. தலைவர் நடுநிலை வகிக்க வேண்டுமென்பதால் சதாசிவம் போடவில்லை. "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேனே" என்றார் இன்னொருவர். அவருடைய வீட்டுக்காரி ருக்கு பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள். சுளையை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அந்த இன்னொருவர் நான்தான். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

'சூரிய சக்தியைப் பொருநை அபார்ட்மெண்ட்ஸ் கொள்கையளவில் முழு மனதுடன் வரவேற்கிறது' என்று தீர்மானம் நிறைவேறியது. பத்தாம் நாள் புது ஜெனரேட்டர் வந்து இறங்கியது. நல்ல பச்சை நிறம். பக்கவாட்டில் ஓர் இலைப் படம்கூட ஒட்டியிருந்தது. சதாசிவமே தன் கையால் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்தார். ஊதுபத்திப் புகை அதிகமாக வருகிறது என்று ஸ்ரீவத்ஸனிடம் கோபித்துக்கொண்டு அதை அணைக்கச் சொன்னதையும் நான் குறிப்பிட வேண்டும்.

அருக்காணியின் மனத்தாங்கலைத் தீர்ப்பதற்குக் கமிட்டி ஒரு வழியும் கண்டுபிடித்தது. புகைக்குழாயை வளைத்து மதிலுக்கு அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்து அபார்ட்மெண்டிலும் ஒரு தூய காற்றுக் கமிட்டி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டே நாளில் அவர்கள் தங்கள் ஜெனரேட்டர் குழாயை வளைத்து எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். இரண்டு தலைவர்களும் மதிலுக்கு இருபுறமும் நின்று, இருமிக்கொண்டே, காற்று மாசைப் பற்றி அரைமணி நேரம் மிகுந்த மரியாதையோடு பேசினார்கள். இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. காரணம் பஞ்சாப்.

கவிப்ரியாவின் முதல் பரீட்சை நாள் காலை ஏழேகாலுக்குக் கரண்ட் போயிற்று. நான் குளியலறையில் தலைமுழுக்கச் சோப்போடு நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நிமிஷத்தில் கீழே பச்சை மிருகம் உறுமியது, மதிலுக்கு அப்பாலிருந்து அவர்களுடையதும் பதிலுக்கு உறுமியது, கீஸரின் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. 'அப்பாடா!' என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. யாரும் சொல்லச் சொல்லவில்லை. அத்தனை ஆழத்திலிருந்து நான் சாமியைக்கூடக் கூப்பிட்டதில்லை.

குளித்துத் துவட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். கீழே அருக்காணி ஒரு கையில் நெபுலைசர் பெட்டியும் மறு கையில் பரீட்சை அட்டையுமாக ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "பையா, ஜல்தி!" என்று அந்த நிதானமான பெண்மணி கத்தி நான் கேட்டதில்லை. கவிப்ரியா துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு, தோள் மேலும் கீழும் ஏறி இறங்க, ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரீட்சைக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. எங்கேயாவது மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து, ப்ளக் பாயிண்ட் உள்ள இடமாகவும் பார்த்து, அதுவரை உட்கார வைக்கத்தான் அழைத்துப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது செய்ய வேண்டும் போலவும் இருந்தது.

"ஆல் தி பெஸ்ட், கவி!" என்று உரக்கச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. அதனால் கையை மட்டும் அசைத்தாள். சிரிக்கவும் செய்தாள் என்று நினைக்கிறேன், புகையில் சரியாகத் தெரியவில்லை. புகை உள்ளேயும் வர ஆரம்பித்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

சதாசிவத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் நீங்களும் நானும் நன்றாகச் சிரித்தோம். நல்லது. இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், இரண்டு கார் இருக்கும், மூன்று ஆப் இருக்கும், டென்மார்க் என்று பேசும் என்று. அதெல்லாம் எதுவும் வேண்டியதில்லையாம். ஒரு நல்ல மனசும், சரியான நேரத்தில் சாத்துவதற்கு ஒரு ஜன்னலும் இருந்தால் போதுமாம். நேற்று சதாசிவம் வீடு தேடி வந்து, என்னைக் கமிட்டியில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். "உங்களை மாதிரி உணர்ச்சியுள்ளவாதான் வேணும்" என்றார். நான் மறுக்கவில்லை. இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்கிறார். உங்களுக்கும் புகை என்றால் ஆகாதுதானே?